பாட்டிலைக் காட்டினீர்கள், பம்பைக் காட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) வைத்த காருக்கு, திறனைக் கூட்ட நைட்ரஸ் ஆக்சைடு வாயுப் பாட்டில் பொருத்துவது பற்றி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நானாகப் படித்தது. அடுத்த இரண்டு தடவையும், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்த ஒரு பையன் படிக்க வைத்தது.

"அண்ணே, பேப்பர்லயே போட்டிருக்காங்க. சூப்பர்சார்ஜர் இருந்தா பெட்ரோல் ஏற்கெனவே கூடத்தான் போகுமாம். பாட்டிலை மாட்டுனா போதுமாம். நீங்க மட்டும் பம்ப், ஒயர்னு இழுத்துக்கிட்டே இருக்கீங்க."

பேப்பரில் வந்துவிட்டால் பட்டறைக்காரன் பேச்சு எடுபடாது. அதனால்தான் பேப்பருக்கே எழுதுகிறேன்.

கட்டுரையோடு ஒரு பெரிய படம் போட்டிருந்தீர்கள். டிக்கிக்குள் நீல நிறப் பாட்டில், பின்னல் உறை போட்ட குழாய், ஸ்டீயரிங்கில் சிவப்புப் பொத்தான். படத்தைக் குறை சொல்லவில்லை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொத்தானை அமுக்கிய நொடியில் இன்ஜின் பிழைக்குமா சாகுமா என்பதைத் தீர்மானிக்கிற சாமான் அந்தப் படத்தில் எங்குமே இல்லை. அதுதான் பெட்ரோல் பம்ப், டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. டேங்கைத் திறக்காமல் அதை யாரும் படம் பிடிக்க முடியாது என்பதும் உண்மைதான்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். "பெட்ரோலைவிட வேகமாக எரியும் வாயு" என்று கட்டுரையில் ஒரு வரி. நைட்ரஸ் ஆக்சைடு எரியாது. அது எரிபொருளே கிடையாது. இரண்டு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், அவ்வளவுதான் அந்த மூலக்கூறு. இன்ஜின் சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் அது பிரிந்து ஆக்சிஜனை விடுகிறது. காற்றின் எடையில் ஆக்சிஜன் ஏறக்குறைய 23 சதவீதம். நைட்ரஸில் 36 சதவீதம். ஆக்சிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், அந்தக் கூடுதல் பெட்ரோலில்தான் திறன் வருகிறது. அந்தப் பெட்ரோலை நாம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆக்சிஜன் வேறு எதையாவது தின்னப் பார்க்கும். பக்கத்தில் இருப்பது அலுமினிய பிஸ்டன். அது 660 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் சங்கதி.

கணக்காகச் சொன்னால், ஒரு கிலோ பெட்ரோலை முழுசாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். அதே ஒரு கிலோவை எரிக்க நைட்ரஸ் 9.6 கிலோ போதும். அதாவது எடைக்கு எடை பார்த்தால் நைட்ரஸுக்குத் துணையாகப் போகவேண்டிய பெட்ரோல், காற்றுக்குப் போவதைப் போல ஒன்றரை மடங்கு. "ஏற்கெனவே கூடத்தான் போகுது" என்பது இந்தக் கணக்கின் முன்னால் நிற்காது. சூப்பர்சார்ஜருக்குக் கூடப் போகிற பெட்ரோல் சூப்பர்சார்ஜர் தள்ளுகிற காற்றுக்கே சரியாகிவிடுகிறது. நைட்ரஸுக்கு மிச்சம் எங்கே?

சூப்பர்சார்ஜரும் நைட்ரஸும் சேர்வது புதுமை என்றும் எழுதியிருந்தார்கள். காருக்கு வருவதற்கு முன்பே இந்தச் சோடி வானத்தில் பறந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்களில் ஜி.எம்.-1 என்ற பெயரில் நைட்ரஸ் கருவி இருந்தது. அந்த இன்ஜின்கள் எல்லாம் சூப்பர்சார்ஜர் வைத்தவை. ஓர் உயரத்துக்கு மேல் காற்று மெலிந்து சூப்பர்சார்ஜருக்கே மூச்சு வாங்கும்போது, தனி டேங்கில் கொண்டுபோன நைட்ரஸைப் பீய்ச்சினார்கள். அந்த வாயுவே 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டது. நம் ஆட்கள் பொத்தானைச் சிவப்பாக்கியதுதான் புதுசு.

சூப்பர்சார்ஜர்க்காரர்களுக்கு நைட்ரஸ் மேல் ஏன் இத்தனை ஆசை என்பதைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கும்போது அதைச் சூடாக்கியும் விடுகிறது. நைட்ரஸ் கொதிப்பது மைனஸ் 88 டிகிரியில். திரவமாகப் பாய்ந்து, உள்ளே போனவுடன் கொதித்து ஆவியாகி, அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். அந்த இரண்டாவது மாங்காய்க்கும் பெட்ரோல் வேண்டும் என்பதைத்தான் எழுத மறந்துவிட்டார்கள்.

இதற்குள் இன்னொரு குறும்பும் உண்டு. உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்க்கிற சென்சாருக்கு முன்னால், நைட்ரஸைப் பீய்ச்சும் முனையான நாசிலை வைத்துவிட்டால், குளிர்ச்சி நேராக அதன் மூக்கில் அடிக்கும். இன்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யூ. "ஆஹா, இன்று காற்று ஜில்லென்று இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு டைமிங்கை, அதாவது பிளக் பொறி தட்டும் நேரத்தை, முன்னால் தள்ளும். நைட்ரஸ் போகும்போது டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பதே பாடம். ஐம்பது குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்பது நாங்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பிளக்கையும் ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி இடைவெளியைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். நான் எழுத வந்தது வேறு.

இந்த விஷயத்தில் நான் உத்தமன் ஒன்றுமில்லை. என் சொந்தக் காரிலேயே ஒரு பிஸ்டனை உடைத்தவன்.

மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர், 0.7 பார் பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்; பார் என்பது அழுத்த அளவு), கிராங்க்கில் 400 குதிரைத்திறன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதன் மேல் 100 குதிரைத்திறனுக்கு ஜெட் (அளவு பார்த்துத் துளையிட்ட முனை) போட்டு நைட்ரஸ் வைத்தேன். வைப்பதற்கு முன் எல்லாக் கணக்கும் போட்டேன். அதைத்தான் இங்கே விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு கணக்கில் இல்லை.

சூப்பர்சார்ஜர் வைத்த பெட்ரோல் இன்ஜின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 400-க்கு 108 கிலோ. லிட்டரில் 146. நைட்ரஸோடு 500 என்றால் 135 கிலோ, 182 லிட்டர். நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நினைத்துப் பாருங்கள், வினாடிக்கு 50 மில்லி. மருந்து பாட்டிலோடு வருகிற சின்ன மூடியில் ஐந்து மூடி, ஒவ்வொரு வினாடியும்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 550 மில்லி விடும். நைட்ரஸ் இல்லாமல் அது 74 சதவீத நேரம் திறந்திருந்தால் போதும். நைட்ரஸுக்கான பெட்ரோலையும் இன்ஜெக்டர் வழியாகவே கொடுக்கிற "டிரை" முறையில் போனால் 92 சதவீதம் ஆகிவிடும். 85-க்கு மேல் போகக் கூடாது என்பது என் கட்டுப்பாடு. அதனால் "வெட்" முறை. அதாவது நைட்ரஸும் அதற்கான பெட்ரோலும் ஒரே நாசிலில் சேர்ந்து, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி, காற்று போகும் கதவான த்ராட்டிலுக்குச் சற்று முன்னால். பெட்ரோலை இன்டர்கூலருக்கு முன்னால் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உள்ளே குட்டையாகத் தேங்கி நின்று ஒரு நாள் பின்னால் வெடிக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பம்ப் பெட்டியில் மணிக்கு 255 லிட்டர் என்று அச்சடித்திருந்தது. தேவை 182. எழுபது லிட்டர் உபரி. எனக்கு அன்று இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

ஜாடித் தேர்வும் செய்தேன். பாட்டில் வால்வை மூடிவிட்டு, நாசிலைக் கழற்றி, பெட்ரோல் ஜெட்டை ஓர் அளவு ஜாடிக்குள் விட்டு, பெட்ரோல் சோலினாய்டை (மின்சார வால்வை) மட்டும் 30 வினாடி திறந்து வைப்பது. பக்கத்தில் தீயணைப்புக் கருவி, பட்டறைக் கதவுகள் திறந்து, பேட்டரி சார்ஜரை எட்டத்தில் வைத்துத்தான் செய்தேன். 300 மில்லிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. 100 குதிரைத்திறனுக்கு அது சரியான அளவு. அழுத்தமும் 3 பாரில் அசையாமல் நின்றது. காரும் நானும் பாஸ்.

டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் கருவி) முதல் ஓட்டம் நன்றாக இருந்தது, இரண்டாவதும். மூன்றாவதில் நிமிடத்துக்கு 5,800 சுற்றுக்கு அருகில் ஒரு சத்தம். பெரிய வெடிச்சத்தமெல்லாம் இல்லை. தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கியது போல, அரை வினாடி. காலை எடுத்துவிட்டேன். எடுக்கும் முன்பே முடிந்துவிட்டது.

பிளக்குகளைக் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். ஐந்து பிளக்குகள் நல்ல பிள்ளைகள். ஐந்தாம் சிலிண்டரின் பிளக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவினது போலப் புள்ளிகள். வெளிச்சத்தில் திருப்பினால் அவற்றில் சில மின்னின. மின்னுகிறது என்றால் அது அலுமினியம். பிஸ்டனின் மேல்தோல் பிளக்கில் வந்து ஒட்டியிருக்கிறது. ஹெட்டைத் திறந்தேன். ஐந்தாம் பிஸ்டனில், மேல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள கரை, விரல் நகம் அளவுக்கு உடைந்து உள்ளே கிடந்தது.

டைனோவின் பதிவைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. பூஸ்ட் ஏறும்போது, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலின் அழுத்தம் 3 பாரிலிருந்து 3.7-க்கு ஏறுகிறது, சரி. நைட்ரஸ் திறந்ததும் லேசாக ஒரு குழி விழுந்து மீள்கிறது, அதுவும் சரி. 5,000 சுற்றைத் தாண்டியதும் 3.6, 3.4, 3.1 என்று மெதுவாக இறங்குகிறது. காற்று-பெட்ரோல் விகிதம் 11.6-லிருந்து 12.7-க்குப் போகிறது, அதாவது பெட்ரோல் குறைகிறது. நைட்ரஸ் இல்லாத காரில் 12.7-ஐப் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள். பூஸ்ட்டும் நைட்ரஸும் சேர்ந்து அழுத்துகிற சிலிண்டருக்கு அது போதும் கொல்ல. அதுவும் ஆறு சிலிண்டருக்கும் சராசரி. ஐந்தாமது அதைவிட லீனாக, அதாவது பெட்ரோல் இன்னும் குறைவாக, ஓடியிருக்கும்.

பம்ப் பழுதோ என்று வெளியே எடுத்தேன். நன்றாக இருந்தது. ஃபில்டர் சுத்தம். இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான், எவனும் செய்கிற முதல் வேலையை நான் செய்தேன். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பம்ப்பின் இரண்டு முனையில் வைத்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட். பம்ப்பில் 11.2.

காரோடு வந்த ஒயர். காரோடு வந்த சின்னப் பம்ப்புக்காகப் போட்ட ஒயர். நான் பம்பை மாற்றினேன், ஒயரை மாற்றவில்லை. இரண்டரை வோல்ட் அந்த மெல்லிய ஒயரிலும் துருப்பிடித்த எர்த் முனையிலும் சூடாகிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

பெட்டியில் அச்சடித்த 255 என்பது 13.5 வோல்ட்டில், 3 பார் அழுத்தத்துக்கு. என் பம்ப்புக்குக் கிடைத்தது 11.2 வோல்ட், அது தள்ள வேண்டியிருந்தது 3.7 பாருக்கு எதிராக. உண்மையில் எவ்வளவு தருகிறது என்று அளந்தேன். அந்த முறையை மட்டும் உங்கள் வாசகர்களுக்கு ஒரு வரி விடாமல் சொல்லிவிட ஆசை. இன்ஜின் நிறுத்தம். பேட்டரியில் சார்ஜரைப் போட்டு 13.8-இல் நிறுத்துங்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தலையில், இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வரும், அதைப் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு கைப்பம்பால் 0.7 பார் காற்று கொடுங்கள். ரெகுலேட்டர் பூஸ்ட் வந்துவிட்டதாக நம்பி ரெயிலை 3.7-க்கு ஏற்றும். டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, பம்பை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கேனில் விழுந்ததுதான் உங்கள் காரின் மொத்தச் சொத்து.

என் கேனில் விழுந்தது இரண்டே முக்கால் லிட்டர். மணிக்கு 165.

இப்போது எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சூப்பர்சார்ஜர் மட்டும் இருந்தபோது தேவை 146, வரவு 165. அதனால் இரண்டு வருடம் சத்தமில்லாமல் ஓடியது. நைட்ரஸோடு தேவை 182. ஜாடித் தேர்வில் ஏன் பிடிபடவில்லை என்றால், அப்போது இன்ஜெக்டர்கள் ஆறும் தூங்கிக்கொண்டிருந்தன. ஜாடிக்கு மணிக்கு 37 லிட்டர் கணக்கில் கொடுப்பது எந்தப் பம்ப்புக்கும் பெரிய வேலை இல்லை. முதல் இரண்டு ஓட்டங்கள் தப்பியது, அவற்றை 5,000 சுற்றிலேயே நிறுத்திவிட்டதால்.

"பாதுகாப்பு சுவிட்ச் வைத்தால் கவலையில்லை" என்று கட்டுரையில் இருந்தது. பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை வெட்டிவிடும் சுவிட்ச். எனக்கும் இருந்தது, 2.5 பாரில் வெட்டும்படி வைத்திருந்தேன். 3-க்கு அரை பார் கீழே, நியாயமான இடம்தானே. ஆனால் பூஸ்ட்டில் ரெயில் நிற்க வேண்டிய இடம் 3.7. அது 3.1-க்கு விழுந்தாலும் சுவிட்ச்சின் கண்ணுக்கு 2.5-க்கு மேலேதான் இருக்கிறது. பிஸ்டன் உடைகிறது, சுவிட்ச் நிம்மதியாகத் தூங்குகிறது. பூஸ்ட் இல்லாத காரில் கற்ற பழக்கத்தைப் பூஸ்ட் காரில் அப்படியே வைத்தால் இதுதான் கதி. இப்போது என் சுவிட்ச் 3.4-இல் நிற்கிறது. பூஸ்ட் வராதபோது அது நைட்ரஸைத் திறக்கவே விடாது, அதுவும் நல்லதற்குத்தான்.

நைட்ரஸுக்கென்று தனிப் பெட்ரோல் டேங்க் வைக்கும் வழியையும் கட்டுரையாளர் ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பிடித்த வழி. முன்பக்கம் நான்கு லிட்டர் டேங்க், தனிப் பம்ப், தனி ரெகுலேட்டர். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை அதில் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம், ரெயிலைத் தொடவே வேண்டாம். தேவையில்லாத சுமை என்று சொல்லும் நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம், அந்த ரெகுலேட்டருக்குப் பூஸ்ட் குழாய் கொடுக்காமல் விடுகிறவர்களோடுதான்.

ஏன் என்று சொல்கிறேன். நாசிலின் வாயில் பூஸ்ட் 0.7 பாரில் எதிர்த்து நிற்கிறது. பாட்டிலில் இருந்து வரும் நைட்ரஸின் அழுத்தம் 60 பாருக்கு மேல். அதற்கு 0.7 என்பது கொசுக்கடி. ஒரு சதவீதம்கூடக் குறையாது. பெட்ரோல் வருவதோ 3 பாரில். எதிர்ப்பு போக மிஞ்சுவது 2.3. பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், பெட்ரோல் 12 சதவீதம் குறைகிறது. பூஸ்ட் ஏற ஏற நைட்ரஸ் அப்படியே இருக்க, பெட்ரோல் மட்டும் இளைக்கும். ரெகுலேட்டரின் தலையில் ஒரு சாண் குழாயை மாட்டினால் தீர்ந்தது, பூஸ்ட் ஏறுகிற அளவுக்குப் பெட்ரோல் அழுத்தமும் ஏறிவிடும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் அரை பாருக்கும் குறைவான அழுத்தத்தில் தனி டேங்கை ஓட்டி வந்த ஒருவரின் காரையும் பார்த்திருக்கிறேன். பூஸ்ட் வந்ததும் காற்று பெட்ரோலைக் குழாய்க்குள்ளேயே பின்னால் தள்ளியது. அவர் நைட்ரஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

தனி டேங்கின் ஒரே ஆபத்து, அதில் பெட்ரோல் ஊற்ற மறந்துபோவது. நான் மறந்திருக்கிறேன். அன்றைக்குச் சுவிட்ச் விழித்திருந்தது.

பொத்தான் பற்றியும் கொஞ்சம். எந்த வேகத்திலும் அமுக்கலாம் என்ற பொருள்பட எழுதியிருந்தார்கள். நைட்ரஸ் வினாடிக்கு இவ்வளவு என்று ஒரே சீராகப் பாயும். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அதற்குத் தெரியாது. 2,000 சுற்றில் அமுக்கினால், 4,000 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவையில் போகிற அளவைப் போல இரண்டு மடங்கு போகும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைவது அங்கேதான். மேல் எல்லையிலும் இதே கதை: சுற்று வரம்பைத் தொட்டதும் ஈ.சி.யூ. பெட்ரோலை வெட்டும், நைட்ரஸ் வெட்டப்படாமல் போய்க்கொண்டிருக்கும். அதனால் பொத்தான் என்பது அனுமதி மட்டுமே. ஆக்ஸிலேட்டர் முழுசாக மிதிபட்டிருக்க வேண்டும், சுற்று ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். என் காரில் 3,200-க்கும் 6,000-க்கும் நடுவில் மட்டும் திறக்கும். இன்ஜினின் வரம்பு 6,500.

பாட்டிலைச் சூடாக்குவது பற்றி அவர்கள் எழுதிய பத்தியைப் பற்றி என்ன சொல்ல. 20 டிகிரியில் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 50 பார், 30 டிகிரியில் 63. இந்த 63-க்கு ஏற்பத்தான் நாங்கள் ஜெட் போடுகிறோம். பாட்டில் குளிர்ந்திருந்தால் நைட்ரஸ் குறைந்து ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிஞ்சும், திறன் குறையும், ஆள் பிழைத்துக்கொள்வான். அதிகம் சூடானால் நைட்ரஸ் கூடிப்போகும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும், அப்போதும் லீன்தான். 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது, எவ்வளவு போகிறது என்ற கணக்கும் கையில் இருக்காது. மூடிய காரின் டிக்கி வெயிலில் இதைச் சுலபமாகத் தாண்டும். தெர்மோஸ்டாட் வைத்த போர்வை ஹீட்டர் கிடைக்கிறது. சுடர் விளக்கால் பாட்டிலைத் தடவுகிறவன் என் பட்டறை வாசலில் நிற்க வேண்டாம். பாட்டிலின் பாதுகாப்புத் தகடு வெடித்தால் வாயு வெளியே போக, காருக்கு வெளியே குழாய் விட்டிருக்க வேண்டும். இதைக் கட்டுரை சொல்லவில்லை. அந்த வாயு உள்ளே நிரம்பினால் ஓட்டுகிறவருக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது.

பொதுச் சாலையில் இதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. சில இடங்களில் பாட்டிலை இணைத்த நிலையில் சாலையில் ஓட்டுவதே குற்றம். நான் டைனோவுக்கும் மூடிய பந்தயப் பாதைக்கும் வெளியே வால்வைத் திறந்ததில்லை.

என் காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐந்தாம் பிஸ்டனோடு சேர்த்து ஆறு பிஸ்டன்களையும் மாற்றினேன். பேட்டரியிலிருந்து நேராகப் பம்ப்புக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி முனையில் ஃபியூஸ், நடுவில் ரிலே என்கிற மின் சுவிட்ச், எர்த்துக்கும் அதே கனத்தில் தனி ஒயர். பழைய ஒயர் இப்போது ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்கிறது, அந்த வேலைக்கு அது போதும். பம்ப் அதே பம்ப்தான். அதன் முனையில் 13.4 வோல்ட். கேனில் ஒரு நிமிடத்துக்கு 3.7 லிட்டர் விழுந்தது. மொத்தச் சாமானில் விலை குறைந்தது அந்த ஒயர்தான் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதன் பிறகுதான் ஆசை முற்றி, நைட்ரஸ் பெட்ரோலை மட்டும் தனி டேங்குக்கு மாற்றினேன்.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது பெரிய மறுப்பு அறிக்கை ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தபால்தலை அளவிலாவது ஒரு படம் போடுங்கள்: பம்ப்பின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரின் இரண்டு முனை. படம் வேண்டுமானால் நானே எடுத்து அனுப்புகிறேன். கூடவே, "சூப்பர்சார்ஜர் இருந்தால் தனியாகப் பெட்ரோல் ஏற்பாடு தேவையில்லை" என்ற அந்த வாக்கியம் தவறு என்று ஒரு வரி.

கட்டுரையைக் கத்தரித்துக்கொண்டு வந்த பையனின் காரை நேற்று சாயங்காலம் பார்த்தேன். அவனும் பம்பை மாற்றியிருக்கிறான், பெட்டியைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறான். மீட்டரை அவன் கையிலேயே கொடுத்து வைக்கச் சொன்னேன். 11.9 வோல்ட். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஒயர் எத்தனை மீட்டர் வேணும்ணே?" என்றான். டிக்கியிலிருந்து பேட்டரி வரை கதவோரமாக நாடாவைப் பிடித்து அளந்தோம், ஐந்தரை மீட்டர் வந்தது. பாட்டில் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டறை வைத்திருக்கும் உங்கள் வாசகன்
(பெயர் வேண்டாம். அந்தப் பையனை நண்பர்கள் கிண்டல் செய்வார்கள்.)